இன்டர்வியூவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களை எப்படித் தயார் செய்வது?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். நான் ஆசிரியர் இல்லை. வேலை முடிந்து மாலையில் ஒரு மணி நேரம் நாலு பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். நாலு பேருமே வேலை தேடுகிறவர்கள். ஒருவர் ஆறு வருடம் கணக்கு எழுதியவர். இரண்டு பேர் கிடங்கில் சரக்குப் பொறுப்பில் இருந்தவர்கள். ஒரு அம்மா, குழந்தைகளுக்காக ஐந்து வருடம் வேலையை விட்டிருந்து இப்போது திரும்பவும் கஸ்டமர் சர்வீஸ் பக்கம் போகப் பார்க்கிறார். படித்தால் புரிந்துகொள்கிறார்கள், மெயில் எழுதச் சொன்னால் தப்பும் தவறுமாக எழுதியும் விடுகிறார்கள். வாயைத் திறக்கச் சொன்னால்தான் சிக்கல். இன்னும் மூன்று வாரத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு இன்டர்வியூ இருக்கிறது.

நாலு பேரும் ஏதோ வீடியோவைப் பார்த்து பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றால் போதும், ரயில் மாதிரி ஓடுகிறது: ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர், ஐ ஆம் எ க்விக் லேர்னர், ஐ ஆம் எ டீம் ப்ளேயர். நாலு பேருக்கும் ஒரே வரி, ஒரே வரிசை. அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, "சோ, வாட் வேர் யூ டூயிங் பிஃபோர் திஸ்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள். கணக்கு எழுதியவரிடம் அதையே தமிழில் கேட்டேன். இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினார், ஒரு தடவை எங்கோ தொகை உதைத்ததை எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொன்னபோது துப்பறியும் கதை கேட்பது மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் அதே மனிதர் "ஐ ஆம் ஹேவிங் சிக்ஸ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்.

மனப்பாடத்தை விடச் சொல்லலாமா? சொன்னால் கையில் இருக்கிற கொம்பையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இலக்கணத்தைத் திருத்தவா, விடவா? எதில் நேரத்தைச் செலவழிப்பது?

எதிர்நாற்காலி எழுதியது:

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறவன், பல வருடமாக. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

மனப்பாடம் என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். குரல் தட்டையாகும், வேகம் கூடும், கண் மேலே போகும். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் ஆள் முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார். அதற்காக நான் யாரையும் கழித்துவிடுவதில்லை, ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது உண்மை. எங்கள் இடத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறோம். பல நிறுவனங்களில் இப்போது இப்படித்தான். என் கையில் ஒரு தாள் இருக்கிறது, அதில் உங்கள் பதிலுக்கு எதிரே நான் எதையாவது எழுத வேண்டும். "ஹார்ட் ஒர்க்கர்" என்று எழுத முடியுமா? எழுதினால் அதற்கு என்ன மதிப்பெண் போடுவது? "மாதக் கடைசியில் கணக்கு முடிக்க ஐந்து நாள் ஆனதை மூன்று நாளாகக் குறைத்தார்" என்றால் எழுதுவேன். அதை அவர் எந்த இலக்கணத்தில் சொன்னார் என்பது தாளில் இருக்காது.

நான் மன்னிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். கேள்வி புரியாமல் "யெஸ்" சொல்வது. ஒருவரிடம் பொருள் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், "யெஸ் சார்" என்றார். எப்படி என்று கேட்டேன், மறுபடியும் "யெஸ் சார்", சிரிப்போடு. நல்ல மனிதர், வேலையும் தெரிந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு வேலை இடத்தில் ஒரு பாதுகாப்பு விதியைச் சொல்லும்போதும் இப்படித்தானே தலையாட்டுவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் எனக்கு ஏறவில்லை.

அதனால் முதல் வாரம் முழுக்க, திருப்பிக் கேட்பதைப் பழக்குங்கள். வெறும் "பார்டன்" போதாது, அதற்கு நான் அதே கேள்வியை அதே வேகத்தில் இன்னொரு தடவை சொல்வேன், மறுபடியும் புரியாது. புரிந்த பாதியைச் சொல்லிக் கேட்க வேண்டும். "யூ ஆர் ஆஸ்கிங் அபௌட் மை லாஸ்ட் ஜாப். டூ யூ மீன் ஒய் ஐ லெஃப்ட்?" இப்படிக் கேட்டால் எனக்கு எங்கே இடறியது என்று தெரியும், வேறு வார்த்தையில் சொல்வேன். மதிப்பு குறையாது, சொல்லப்போனால் கூடும்.

நாப்பயிற்சி எழுதியது:

நான் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். முதலில் ஒரு கணக்கு. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு, உதாரணமாக ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி1 என்ற இடைநிலையிலிருந்து அதற்கு அடுத்த பி2-வுக்கு, ஏறுவதற்குச் சுமார் 200 மணி நேர வகுப்பு ஆகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்களிடம் இருப்பது தினம் ஒரு மணி வீதம் மூன்று வாரம், ஒரு நாள்கூட விடாமல் நடத்தினாலும் இருபத்தொரு மணிதான். ஆகவே அவர்களுடைய ஆங்கிலத்தை உயர்த்தப் போவதில்லை என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். இருக்கிற ஆங்கிலத்தில் அவர்களுடைய சொந்த வேலையைப் பற்றிப் பேச வைக்கப் போகிறீர்கள். அது ரொம்பச் சின்ன ஊர்தான், தெருக்கள் கொஞ்சம்தான், சுற்றிப் பழகிவிடலாம்.

கணக்கர் தமிழில் இருபது நிமிடம் பேசினார் என்றீர்களே, அதுதான் உங்கள் பாடப்புத்தகம். அடுத்த தடவை போனில் பதிவு செய்யுங்கள். அதிலிருந்து அவருடைய வினைச்சொற்களை மட்டும் பொறுக்குங்கள்: சரிபார்த்தேன், ஒப்பிட்டேன், கண்டுபிடித்தேன், கேட்டேன், மாற்றினேன். பதினைந்து தேறும். அந்தப் பதினைந்துக்கும் இறந்தகால ஆங்கில வினை தெரிந்தால் அவர் கதையைச் சொல்லிவிடுவார். ஸ்டார் முறை என்று ஒன்று சொல்வார்கள், சூழ்நிலை, பொறுப்பு, செய்தது, விளைவு என்று நாலு படி. நல்லதுதான், ஆனால் அதை ஒரு படிவம் மாதிரி நிரப்ப வைத்தால் அதுவும் மனப்பாடமாகிவிடும். ஒரு ஆளுக்கு நாலைந்து கதை இருந்தால் போதும். ஒரு தப்பைச் சரிசெய்தது, ஒருவரோடு உரசல் வந்தது, நெருக்கடியில் வேலை முடித்தது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது. கேள்வி எப்படி மாறி வந்தாலும் இதில் ஒன்று பொருந்தும்.

தமிழிலிருந்து வருகிறவர்களுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு, அவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் காரணத்தை முதலில் அடுக்குவோம், முடிவு கடைசியில் வரும், வாக்கியத்திலேயே வினை கடைசியில்தானே வருகிறது. "லோடு லேட்டாக வந்தது, அன்றைக்கு இரண்டு பேர் லீவு, அதனால் நானே இறங்கி..." என்று போகும். தமிழில் கேட்கிறவர் பொறுமையாக இருப்பார், முடிவு வரும் என்று அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் கேட்கிறவர் முதல் வரியிலேயே பதிலைத் தேடுவார், அது கிடைக்காவிட்டால் இவர் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிடுவார். அதனால் விளைவை முதல் வரியாக்கச் சொல்லுங்கள், கதை அப்புறம். என் அனுபவத்தில் இந்த ஒரு மாற்றம், பத்து நாள் இலக்கணம் செய்யாததைச் செய்திருக்கிறது.

இரண்டாவது "வீ". நான் செய்தேன் என்று சொல்ல நமக்குக் கூச்சம், நாங்கள் செய்தோம் என்போம். தமிழில் அது அடக்கம். அங்கே எதிரில் இருப்பவருக்கு இவர் என்ன செய்தார், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் போகிறது. மூன்றாவது மரியாதைப் பன்மை. மேலாளர் ஒரே ஆள்தான், ஆனால் "அவங்க சொன்னாங்க" என்பது "தே டோல்ட் மீ" ஆகிவிடும், கேட்கிறவர் யார் அந்தக் கூட்டம் என்று யோசிப்பார்.

இலக்கணத்தில் பொருளைக் கெடுப்பதை மட்டும் திருத்துங்கள். "ஐ ஆம் ஹேவிங்" தப்புதான், ஆனால் யாருக்கும் புரியாமல் போகாது, நேரம் இருந்தால் பார்க்கலாம். ஆனால் "ஐ ஹேவ் ஒர்க்ட் தேர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று பொருள், "ஐ ஒர்க்ட் தேர்" என்றால் விட்டுவிட்டார். வேலையை விட்ட ஒருவர் இதை மாற்றிச் சொன்னால், நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று கேள்வி வரும், இவர் முழிப்பார், ஏதோ மறைக்கிறார் என்று ஆகிவிடும். இந்த மாதிரித் தப்பில்தான் உட்கார வேண்டும். அதுவும் பேசும்போது குறுக்கே போகாதீர்கள். குறித்து வைத்து, முடிந்தபிறகு இரண்டே இரண்டு சொல்லுங்கள்.

உச்சரிப்பு என்று பயந்து எழுத்து எழுத்தாகப் போக வேண்டாம். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதுதான் பெரிய விஷயம். நாம் எல்லா அசையையும் சமமாகச் சொல்வோம், அல்லது முதல் அசையில் அழுத்துவோம். "டெவலப்" என்பதில் நடு அசை, "எக்ஸ்பீரியன்ஸ்" என்பதில் "பீ", "ரெஸ்பான்சிபிலிட்டி" என்பதில் "பி". ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலில் முப்பது சொல் இருக்கும், அந்த முப்பதுக்கு மட்டும் அழுத்தம் பழகினால் போதும்.

கறார் எழுதியது:

எல்லோரும் மனப்பாடத்தைப் போட்டு அடிக்கிறீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆளுக்கு முதல் முப்பது விநாடி மனப்பாடம்தான் காப்பாற்றும். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன், முதல் மூன்று வரி உருப்போட்டு வைத்திருந்தேன், அதைச் சொல்லி முடிக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. அப்புறம் வகுப்பில் தமிழ் எதற்கு? மூன்று வாரமும் தமிழே கிடையாது என்று கண்டிப்பாக இருந்தால்தான் வாய் திறக்கும். கதையைத் தமிழில் சொல்ல விட்டால் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார்கள்.

நாப்பயிற்சி எழுதியது:

கறார், முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். முதல் மூன்று வரி, தன் பெயர், பதவி, வருடம், எண்கள், இதெல்லாம் உருப்போட வேண்டியதுதான், அதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த மூன்று வரியும் அவரவருடையதாக இருக்க வேண்டும், வீடியோவில் வந்தது அல்ல.

தமிழ் கூடாது என்பதை ஏற்க முடியாது. தமிழே கூடாது என்று நானும் ஒரு காலத்தில் நடத்தியிருக்கிறேன். என்ன ஆனது தெரியுமா, எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகளால் சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னார்கள். அதனால்தான் எல்லோரும் ஹார்ட் ஒர்க்கர் ஆனார்கள். என்ன சொல்வது என்பதைத் தமிழில் முடிவு செய்யட்டும், எப்படிச் சொல்வது என்பதை ஆங்கிலத்தில் பழகட்டும். வரிக்கு வரி மொழிபெயர்க்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாம்முறை எழுதியது:

நான் சொல்லிக்கொடுக்கிறவள் இல்லை, இரண்டு இன்டர்வியூவில் விழுந்து மூன்றாவதில் தேறியவள். எனக்குப் பேசுவதைவிடக் கேட்பதுதான் பிரச்சினையாக இருந்தது, இதை யாரும் முன்னாடி சொல்லவில்லை. முதல் இன்டர்வியூவில் "கேன் யூ வாக் மீ த்ரூ யுவர் ரெஸ்யூமே?" என்றார்கள், ரெஸ்யூமேயில் இருப்பதை விளக்கிச் சொல் என்று அர்த்தம். வாக் என்று காதில் விழுந்ததும் எங்கேயோ நடக்கச் சொல்கிறார்கள் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். "ஹவ் டூ யூ ஹேண்டில் ப்ரெஷர்?" என்றதற்கு எனக்கு பி.பி. எதுவும் இல்லை என்று சொன்னவரும் உண்டு, என் தோழி. ஒரே கேள்வி எத்தனை வேஷத்தில் வரும் என்று ஒரு மாலை முழுக்கப் பழக்குங்கள். உன்னைப் பற்றிச் சொல் என்பதையே ஐந்து விதமாகக் கேட்கலாம்.

இரண்டாவது போன் இன்டர்வியூ. அது நேரில் பேசுவதைவிடக் கஷ்டம், உதடும் தெரியாது, முகமும் தெரியாது. அதோடு சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்துமாம், எஸ், எஃப் மாதிரி எழுத்துகளின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. தாய்மொழிக்காரர்களுக்கே அந்த இரண்டும் போனில் குழம்பும் என்று தெரிந்தபோது எனக்குப் பாதி பயம் போய்விட்டது. பெயரையும் மெயில் முகவரியையும் எழுத்துக்கூட்டிச் சொல்லப் பழகிக்கொண்டேன், எஸ் ஃபார் சியரா, எஃப் ஃபார் ஃபாக்ஸ்ட்ராட் என்று. விமானக்காரர்களுக்காக 1956-ல் நடைமுறைக்கு வந்த பட்டியல் அது, இன்றைக்கும் போனில் கைகொடுக்கிறது. அப்புறம் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. முதலாவதில் கடைசியில் அழுத்தம், இரண்டாவதில் முதலில். சம்பளம் பேசும்போது இதில் இடறினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போனுக்குப் பழக நானும் தோழியும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து பேசினோம். முகம் தெரியாது இல்லையா, அதே கஷ்டம் வரும். பைசா செலவில்லை. இன்னொன்று, ஒரே கதையை ஒரே நாளில் மூன்று வேறு ஆட்களிடம் சொன்னேன். மூன்று தடவையும் வார்த்தைகள் மாறிப்போகும், கதை மட்டும் அப்படியே இருக்கும். மூன்றாவது தடவை தானாகவே சுருங்கியும் விடும்.

மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று வகுப்பில் திருப்பிக் கேட்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் வேண்டுமென்றே முணுமுணுத்தும் வேகமாகவும் கேள்வி கேட்டேன், அவர்கள் என்னை நிறுத்த வேண்டும், அதுதான் விளையாட்டு. முதல் பத்து நிமிடம் யாரும் நிறுத்தவில்லை, மரியாதைக் குறைவு என்று நினைத்தார்களாம். அப்புறம் கிடங்குக்காரர் ஒருவர் கையை உயர்த்தி "சாரி, டூ ஃபாஸ்ட்" என்றார். அதிலிருந்து எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது, கடைசியில் என்னை ஒரு வாக்கியம்கூட முழுசாக முடிக்க விடவில்லை.

இரண்டு சந்தேகம். அந்த அம்மாவின் ஐந்து வருட இடைவெளிக்கு என்ன சொல்வது? சொல்ல ஆரம்பித்தால் மன்னிப்புக் கேட்கிற தொனி வந்துவிடுகிறது. அப்புறம் பலவீனம் என்ன என்ற கேள்வி. நாலு பேரும் "பெர்ஃபெக்ஷனிஸ்ட்" என்கிறார்கள், அந்தச் சொல்லைச் சொல்லவே வரவில்லை.

எதிர்நாற்காலி எழுதியது:

இடைவெளிக்கு இரண்டே வாக்கியம். "ஐ டுக் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் டு ரெய்ஸ் மை சில்ட்ரன். நௌ ஐ ஆம் ரெடி டு கம் பேக்." முற்றுப்புள்ளி. அதற்கு மேல் விளக்கினால்தான் சந்தேகமே வரும். நிறுத்திவிட்டு, திரும்பி வர என்ன தயார் செய்தார் என்று ஒன்றைச் சொல்லட்டும். வகுப்புக்கு வருகிறாரே, அதுவே போதும்.

பலவீனத்துக்குத் தயவுசெய்து பெர்ஃபெக்ஷனிஸ்ட் வேண்டாம், ஒரு நாளில் ஆறு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் ஆட்களுக்கு உண்மையான, பாதுகாப்பான பதில் கையிலேயே இருக்கிறது: பேச்சு ஆங்கிலம். எங்களுக்குத்தான் அது தெரிகிறதே, மறைக்க என்ன இருக்கிறது. ஆங்கிலம் பேசுவது இன்னும் மெதுவாகத்தான் வருகிறது, அதனால் முக்கியமான விஷயங்களை எழுதி உறுதிப்படுத்திக்கொள்கிறேன், மாலையில் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னால் எனக்கு எழுதிக்கொள்ள மூன்று விஷயம் கிடைத்துவிட்டது. ஒரே எச்சரிக்கை, கஸ்டமர் சர்வீஸ் அம்மாவுக்கு இது சரிவராது, அங்கே பேச்சுதான் வேலையே. அவருக்கு வேறு பாருங்கள், ஐந்து வருடத்தில் மாறிவிட்ட மென்பொருளைக் கற்றுக்கொண்டிருப்பது மாதிரி.

முடிவில் "எனி கொஸ்டின்ஸ் ஃபார் அஸ்?" என்று கேட்போம், அதற்கு "நோ" சொல்லாதிருக்கட்டும். முதல் மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று கேட்டால் போதும்.

கறார் எழுதியது:

அந்த முணுமுணுப்பு விளையாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ் விஷயத்தில் இன்னும் என் கருத்து மாறவில்லை, இருந்தாலும் கணக்கர் என்ன ஆனார் என்று சொல்லுங்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

நேற்று ஒத்திகை இன்டர்வியூ ஒன்று வைத்தோம். எனக்குத் தெரிந்த ஒருவரை வரவழைத்தேன், அவர்களுக்கு முன்பின் தெரியாதவர். கணக்கர் முதல் வரியிலேயே விளைவைச் சொன்னார், நான் மேஜைக்கடியில் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு சொல் வரவில்லை. ரெகன்சிலியேஷன் என்பதுதான், ஆறு வருடம் தினமும் பார்த்த சொல், அந்த நேரத்தில் மறந்துவிட்டது. பழைய ஆளாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு கையையும் மேஜையில் வைத்து, "ஒன் புக் இஸ் பேங்க், ஒன் புக் இஸ் அவர்ஸ். போத் மஸ்ட் ஸே சேம் நம்பர். இஃப் நாட், ஐ ஃபைண்ட் ஒய்" என்றார்.

வந்தவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். இலக்கணமாக அதில் நாலு தப்பு இருக்கிறது, நான் ஒன்றையும் திருத்தவில்லை.

எதிர்நாற்காலி எழுதியது:

திருத்தாதீர்கள். "ஐ ஃபைண்ட் ஒய்" என்பதை நானும் அப்படியே எழுதியிருப்பேன்.

மூன்றாம்முறை எழுதியது:

அந்த அம்மாவுக்குப் போன் இன்டர்வியூதான் முதலில் வரும் என்று நினைக்கிறேன், கஸ்டமர் சர்வீஸ் என்றால் பெரும்பாலும் அப்படித்தான். முதுகோடு முதுகு உட்கார வையுங்கள். ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை மாலை நான் சும்மாதான் இருக்கிறேன், அவருக்கு என் குரல் புதிது, அதுவும் நல்லதுதான்.